மனம் நினைத்தால் உடம்பு கேட்குமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"எல்லாம் மனசுதான் காரணம்" என்று ஆறுதலாகச் சொல்பவர்கள் உண்டு. பழியாகச் சொல்பவர்களும் உண்டு. நோயாளியின் காதில் அது பெரும்பாலும் பழியாகத்தான் விழுகிறது. உடல்நலம் பற்றிப் பல ஆண்டுகளாக எழுதிவரும் என்னிடம் இரண்டு தரப்பினரும் கேள்வி கேட்கிறார்கள். நம்பிக்கையால் எதையும் குணப்படுத்தலாம் என்று சாதிப்பவர்களுக்கும், மனமாவது உடம்பாவது என்று உதறிவிடுபவர்களுக்கும் கீழே உள்ள பதில்கள் முழுதாகப் பிடிக்காது.

வெறும் எண்ணத்தால் உடம்பில் ஏதாவது மாறுமா?

மாறும். இதற்குச் சோதனைச்சாலை தேவையில்லை. ஒரு எலுமிச்சம்பழத்தை இரண்டாக அரிந்து, ஒரு பாதியை நாக்கின் மேல் பிழிவதாக ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். பழம் இல்லை, கத்தி இல்லை, வாயில் நீர் மட்டும் ஊறுகிறது. தேர்வு நாள் காலையில் வயிறு கலக்குவதும் கூட்டத்தில் திடீரெனப் பெயர் சொல்லி அழைத்தால் காது சூடேறுவதும் இதே வகைதான். இதயத் துடிப்பு, வியர்வை, குடலின் அசைவு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் தானியங்கு நரம்பு மண்டலம், நடந்து முடிந்ததற்காகக் காத்திருப்பதில்லை. நடக்கப்போவதாக மூளை கணித்தாலே வேலையைத் தொடங்கிவிடும்.

எனக்குத் தலைவலி அடிக்கடி வரும். மாத்திரையை விழுங்கி, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து நாற்காலியில் உட்காரும்போதே நெற்றிப்பொட்டில் இருந்த இறுக்கம் சற்றுத் தளர்ந்திருக்கும். கடிகாரத்தைப் பார்த்தால் ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. பாரசிட்டமால் கரைந்து, இரத்தத்தில் கலந்து, வலியைக் குறைக்கத் தொடங்க ஏறத்தாழ அரை மணி நேரமாவது வேண்டும். அப்படியானால் அந்த முதல் ஐந்து நிமிட நிவாரணம் எங்கிருந்து வந்தது?

அது பிரமையாக இருக்கலாம் அல்லவா? வலி குறைந்ததா, குறைந்ததாக நினைத்துக்கொண்டீர்களா?

நியாயமான சந்தேகம். 1978இல் கலிஃபோர்னியாவில் ஜான் லெவின், நியூட்டன் கார்டன், ஹோவர்ட் ஃபீல்ட்ஸ் ஆகிய மூவர் இதற்கு ஒரு சோதனை செய்தார்கள். ஞானப்பல் பிடுங்கிய வலியோடு இருந்தவர்களுக்கு மருந்தே இல்லாத ஊசியைப் போட்டார்கள். பலருக்கு வலி குறைந்தது. இதுவரை வியப்பு ஒன்றும் இல்லை. அடுத்து நலோக்சோன் என்ற மருந்தைச் செலுத்தினார்கள். மார்ஃபின் போன்ற அபினி வகை மருந்துகள் மூளையில் ஒட்டிக்கொள்ளும் இடத்தை இது அடைத்துவிடும். வெற்று ஊசியால் குறைந்திருந்த வலி திரும்ப ஏறியது.

வெற்று ஊசியின் பலன் வெறும் கற்பனை என்றால் நலோக்சோனுக்கு அங்கே அடைப்பதற்கு ஒன்றும் இருந்திருக்காது. வலி குறையப்போகிறது என்ற எதிர்பார்ப்பு, மூளை தானே தயாரித்துக்கொள்ளும் வலிநிவாரணியான எண்டார்ஃபின்களைத் திறந்துவிட்டிருக்கிறது. பார்க்கின்சன் நோயாளிகளிடமும் இதுபோன்ற ஒன்று தெரிந்தது. கை நடுங்கி அசைவு மந்தமாகும் அந்த நோயில் குறைவாக இருப்பது, உடல் அசைவுக்கு உதவும் டோபமின் என்ற மூளை வேதிப்பொருள். வெற்று மருந்தை மருந்தென்று எதிர்பார்த்துப் பெற்றுக்கொண்டபோது அவர்களின் மூளையில் டோபமின் சுரந்ததை 2001இல் கனடாவின் வான்கூவரில் ஸ்கேன் மூலம் காட்டினார்கள்.

இப்படி மருந்துச் சத்து இல்லாமல் கிடைக்கும் பலனைத்தான் பிளாசிபோ விளைவு என்கிறோம். மருந்துப்போலி என்றும் எழுதுகிறார்கள். போலி என்ற சொல் கள்ள மாத்திரையை நினைவூட்டுவதால் நான் வெற்று மாத்திரை என்றே எழுதுகிறேன்.

அப்படியென்றால் நம்பிக்கை இருந்தால் நோயே குணமாகிவிடுமா?

இந்தக் கேள்வியில்தான் எல்லாரும் வழுக்கி விழுகிறார்கள். இதற்கு எனக்குத் தெரிந்த சிறந்த விடை, 2011இல் அமெரிக்காவில் ஆஸ்துமா நோயாளிகளிடம் நடந்த ஓர் ஆய்வு. 39 பேர் அதை முடித்தார்கள். ஒரே நோயாளிக்கு வெவ்வேறு நாட்களில் நான்கு விதமாகச் சிகிச்சை நடந்தது: ஒரு நாள் உண்மையான இன்ஹேலர், ஒரு நாள் மருந்தில்லாத இன்ஹேலர், ஒரு நாள் குத்துவதுபோல் பாவனை செய்யும் அக்குபங்சர், ஒரு நாள் எதுவும் இல்லாமல் சும்மா உட்கார்ந்திருப்பது.

பிறகு ஒவ்வொருவரிடமும் "எப்படி இருக்கிறது?" என்று கேட்டார்கள். உண்மையான மருந்துக்கு 50 சதவீத முன்னேற்றம் என்றார்கள். வெற்று இன்ஹேலருக்கு 45, பாவனை அக்குபங்சருக்கு 46. சும்மா இருந்த நாளுக்கு 21. இதோடு ஆய்வு முடிந்திருந்தால், மருந்தும் நம்பிக்கையும் ஒன்றுதான் என்று பெரிய எழுத்தில் செய்தி போட்டிருப்பார்கள்.

ஆனால் ஆய்வாளர்கள் ஒரு குழாயில் ஊதவும் சொன்னார்கள். ஒரு விநாடியில் நுரையீரலிலிருந்து எவ்வளவு காற்று வெளியேறுகிறது என்பதை அந்தக் கருவி அளக்கும். உண்மையான மருந்துக்கு அளவு 20 சதவீதம் கூடியிருந்தது. மற்ற மூன்றுக்கும் தலா 7 சதவீதம்தான். சும்மா உட்கார்ந்திருந்தவருக்கும் அதே 7. அதாவது நோயாளிக்கு இளைப்பு தணிந்ததுபோல் இருந்தது, மூச்சுக்குழாயோ சுருங்கியபடியே இருந்தது.

இரண்டுமே உண்மை என்பதுதான் விஷயம். மூச்சு முட்டும் துன்பம் குறைந்தது உண்மை, அதை யாரும் மறுக்கக் கூடாது. குழாய் விரியாததும் உண்மை. அடுத்த இழுப்பு கடுமையாக வரும்போது உயிரைத் தீர்மானிப்பது குழாயின் அகலமே. எதிர்பார்ப்பு, நோய் நமக்குத் தரும் அனுபவத்தை நன்றாக மாற்றும். நோயின் உடற்கூறை மாற்றுவது மிக அரிது. வலி, குமட்டல், சோர்வு, அரிப்பு போன்றவற்றில் அதன் கை ஓங்கியிருக்கும். உடைந்த எலும்பு, வளரும் கட்டி, கிருமி ஆகியவற்றிடம் அதன் பேச்சு எடுபடுவதில்லை.

ஆனால் நான் நம்பிக்கையோடு ஒன்றைச் சாப்பிட்டேன், குணமாகிவிட்டதே?

இருக்கலாம். "சளிக்கு மருந்து சாப்பிட்டால் ஒரு வாரம், சாப்பிடாவிட்டால் ஏழு நாள்" என்று கேலியாகச் சொல்வார்கள். அந்தக் கேலிக்குள் ஒரு புள்ளியியல் பாடமே இருக்கிறது. நோய் உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் மருந்தைத் தேடுகிறோம். உச்சத்துக்குப் பிறகு இறக்கம் தானாக வரும். அந்த நேரத்தில் கையில் எது இருந்ததோ அது பெயரைத் தட்டிக்கொண்டு போகும்.

அமெரிக்க மருத்துவர் ஹென்றி பீச்சர் 1955இல், சராசரியாக 35 சதவீத நோயாளிகளுக்கு வெற்று மருந்தே திருப்தி தருகிறது என்று எழுதினார். அந்த எண் இன்றுவரை கைமாறிக்கொண்டே இருக்கிறது. தானாகக் குணமானவர்களையும் அவர் அதிலேயே சேர்த்துவிட்டார் என்பது சேர்ந்து பயணிப்பதில்லை. 2001இல் டென்மார்க்கைச் சேர்ந்த இருவர் 114 ஆய்வுகளைத் திரட்டி, வெற்று மருந்து கொடுத்தவர்களையும் எதுவுமே கொடுக்காதவர்களையும் ஒப்பிட்டார்கள். வலியில் சிறிய பலன் தென்பட்டது. கருவியால் அளக்கக்கூடியவற்றில் குறிப்பிடத்தக்க பலன் எதுவும் இல்லை.

இது சமீபத்திய கண்டுபிடிப்பா?

இல்லை. 1790களில் எலிஷா பெர்கின்ஸ் என்ற அமெரிக்கர் இரண்டு சிறிய உலோகக் கோல்களுக்குக் காப்புரிமை வாங்கி விற்றார். வலிக்கும் இடத்தில் தடவினால் நோயை இழுத்துவிடுமாம். வியாபாரம் கொழித்தது. 1799இல் இங்கிலாந்தின் பாத் நகரில் ஜான் ஹேகார்த் என்ற மருத்துவர், பார்வைக்கு அதேபோல் இருக்கும் மரக்கோல்களைச் செய்து, மூட்டுவலிக்காரர்கள் ஐந்து பேருக்குத் தடவிப் பார்த்தார். நான்கு பேர் வலி குறைந்தது என்றார்கள். கோல்களின் குட்டு உடைந்தது. ஆனால் ஹேகார்த் அதோடு நிற்கவில்லை. கற்பனை நோயை உண்டாக்கவும் தணிக்கவும் செய்கிறது என்று ஒரு புத்தகமே எழுதினார். "ஏமாந்தார்கள்" என்று சிரித்துவிட்டுப் போகாமல் "ஏன் குறைந்தது?" என்று கேட்டதால் எனக்கு அவரைப் பிடிக்கும்.

கெட்டதை எதிர்பார்த்தால் கெட்டது நடக்குமா?

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். உடம்புக்கும் அந்தக் கண் உண்டு. மருத்துவத்தில் இதற்கு நோசிபோ என்று பெயர், 1961இல் வைக்கப்பட்டது. பிளாசிபோவைவிட இதைப் பற்றித்தான் நாம் அதிகம் பேச வேண்டும் என்பது என் கருத்து. ஏனெனில் இதனால் மக்கள் தேவையான மருந்தை நிறுத்துகிறார்கள்.

கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். "சாப்பிட்டால் உடம்பெல்லாம் வலிக்கிறது" என்று விட்டுவிடுபவர்கள் ஏராளம். அப்படி விட்டுவிட்ட 60 பேரை வைத்து லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஓர் ஆய்வு நடந்தது. முடிவு 2020இல் வெளியானது. ஒவ்வொருவருக்கும் ஓராண்டுக்கு 12 புட்டிகள், மாதம் ஒன்று. நான்கில் ஸ்டாட்டின், நான்கில் வெற்று மாத்திரை, நான்கு காலிப் புட்டிகள். மாத்திரை இருக்கும் மாதங்களில் அது எந்த வகை என்று நோயாளிக்குத் தெரியாது. தினமும் செல்பேசியில் தன் தொல்லைக்கு நூற்றுக்கு மதிப்பெண் போட வேண்டும்.

காலிப் புட்டி மாதங்களில் சராசரி 8. ஸ்டாட்டின் மாதங்களில் 16.3. வெற்று மாத்திரை மாதங்களில் 15.4. இந்த மூன்று எண்களையும் இன்னொரு முறை பாருங்கள். தொல்லை பொய்யல்ல, அது இரட்டிப்பாகியிருக்கிறது. ஆனால் ஏறிய தொல்லையில் ஏறத்தாழ 90 சதவீதம், மருந்தே இல்லாத மாத்திரைக்கும் வந்திருக்கிறது. தங்கள் சொந்த எண்களைக் காட்டியபோது அவர்களில் பாதிப்பேர் மீண்டும் ஸ்டாட்டின் சாப்பிடத் தொடங்கினார்கள். யாரும் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை, உபதேசம் செய்யவில்லை. கணக்கைக் காட்டினார்கள், அவ்வளவுதான்.

சொல்லும் விதமும் இதைக் கிளப்பும். புராஸ்டேட் சுரப்பி வீக்கத்துக்கு ஃபினாஸ்டெரைடு என்ற மாத்திரை கொடுக்கப்பட்ட ஆண்களிடம் இத்தாலியில் நடந்த ஆய்வு, 2007. பாலுறவுச் சிக்கல் வரக்கூடும் என்று முன்கூட்டியே சொல்லப்பட்டவர்களில் 43.6 சதவீதம் பேர் அந்தச் சிக்கலைத் தெரிவித்தார்கள். சொல்லப்படாதவர்களில் 15.3 சதவீதம். மாத்திரை ஒன்றே, அளவும் ஒன்றே.

கோவிட் தடுப்பூசி ஆய்வுகளிலும் வெற்று ஊசி போட்டவர்களில் 35 சதவீதம் பேர் முதல் ஊசிக்குப் பிறகு தலைவலி, அசதி போன்ற தொல்லைகளைச் சொன்னார்கள். 12 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த கணக்கு இது. இதில் ஒரு பகுதி அன்றாடம் எல்லாருக்கும் வரும் தலைவலிதான். ஊசி போட்ட நாளில் அது கவனத்துக்கு வந்துவிடுகிறது.

அப்படியானால் மருந்து அட்டைக்குள் இருக்கும் பக்கவிளைவுத் தாளைப் படிக்கக் கூடாதா?

படியுங்கள். மறைத்து வைப்பது தீர்வல்ல, ஒவ்வாமை அறிகுறி தெரியாமல் போனால் ஆபத்து. ஆனால் "100 பேரில் 5 பேருக்குக் குமட்டல் வரலாம்" என்றால், 95 பேருக்கு வராது என்பதையும் சேர்த்தே படியுங்கள். "உடனே டாக்டரிடம் போக வேண்டியவை" எவை என்று மட்டும் மருத்துவரிடம் கேட்டுக் குறித்துக்கொண்டால் மற்றவற்றைத் தினமும் உடம்பில் தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. தொல்லை வந்தால் நாமாக மாத்திரையை நிறுத்தக் கூடாது. அது நோசிபோவா உண்மையான பக்கவிளைவா என்று உள்ளிருந்து கண்டுபிடிக்க முடியாது. அந்த 60 பேராலும் முடியவில்லையே.

எல்லாப் பரிசோதனையும் சரியாக இருக்கிறது, "உங்களுக்கு ஒன்றும் இல்லை, மனப்பிரமை" என்று அனுப்பிவிட்டார்கள். நான் நடிக்கிறேனா?

இல்லை. ஸ்கேனில் தெரியாதது வேறு, இல்லாதது வேறு.

சட்டைப்பையில் செல்பேசி அதிர்ந்ததுபோல் தோன்றி எடுத்துப் பார்த்தால் அழைப்பே வந்திருக்காத அனுபவம் உங்களுக்கும் இருக்கும். துணி உரசியதை, அழைப்பை எதிர்பார்த்துக்கொண்டிருந்த மூளை அதிர்வு என்று படித்துவிட்டது. அந்த நொடியில் நீங்கள் பொய் சொல்லவில்லை, அதிர்வை உணரவே செய்தீர்கள். வலியும் இப்படித்தான். தோலிலிருந்தும் தசையிலிருந்தும் வரும் செய்திகளோடு, முன் அனுபவம், பயம், கவனம் எல்லாவற்றையும் கூட்டித்தான் மூளை வலியைத் தீர்மானிக்கிறது. பழைய முதுகுவலியில், காயம் ஆறிய பிறகும் எச்சரிக்கை மணி ஓயாமல் அடித்துக்கொண்டிருப்பது உண்டு. மணி அடிப்பது நிஜம், தீ இல்லை. அந்த மணியைத் தணிக்கப் படிப்படியான உடற்பயிற்சி, பிசியோதெரபி, மனநலச் சிகிச்சை என்று வழிகள் இருக்கின்றன. "ஒன்றும் இல்லை" என்று அனுப்பிவிடுவது அவற்றில் ஒன்றல்ல.

கவலைப்பட்டால் சளி பிடிக்குமா?

கிருமி இல்லாமல் பிடிக்காது. கிருமி வந்தால் பிடிக்கும் வாய்ப்பு கூடும். 1991இல் வெளியான பிரிட்டன் ஆய்வொன்றில் 394 ஆரோக்கியமான தன்னார்வலர்களின் மன அழுத்தத்தை முதலில் அளந்துவிட்டு, சளி வைரஸைச் சொட்டுமருந்தாக மூக்கில் விட்டார்கள். (இதற்கு ஒப்புக்கொண்டவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.) அழுத்தம் குறைவாக இருந்தவர்களில் 27 சதவீதம் பேருக்குச் சளி பிடித்தது. அழுத்தம் மிகுந்தவர்களில் 47 சதவீதம்.

காயம் ஆறுவதிலும் வேறுபாடு தெரிகிறது. மறதி நோயுள்ள உறவினரை வீட்டில் வைத்துப் பராமரித்த 13 பெண்களுக்கும், அந்தச் சுமை இல்லாத 13 பெண்களுக்கும் கையில் மூன்றரை மில்லிமீட்டர் அளவில் ஒரே மாதிரியான சிறு காயம் செய்து பார்த்தார்கள். சுமை இல்லாதவர்களுக்கு ஆற 39 நாட்கள், பராமரிப்பவர்களுக்கு 49 நாட்கள். 1995இல் வந்த சிறிய ஆய்வு. கார்ட்டிசால் போன்ற அழுத்த ஹார்மோன்கள் நீண்டகாலம் உயர்ந்திருந்தால் நோய் எதிர்ப்பு வேலை மந்தமாகும் என்று நமக்குத் தெரிந்ததோடு அது பொருந்துகிறது. அந்தப் பெண்களிடம் "நேர்மறையாக நினையுங்கள்" என்று சொல்வதைவிட, வாரத்தில் இரண்டு நாள் வேறொருவர் வந்து நோயாளியைப் பார்த்துக்கொள்வது அதிகம் உதவும் என்பது என் எண்ணம்.

அதிர்ச்சியில் இதயம் நின்றுபோகுமா?

கதைகளில் வருவதுபோல் அடிக்கடி நடப்பதில்லை. ஆனால் கடும் துக்கத்துக்கோ அதிர்ச்சிக்கோ பிறகு இதயத்தின் இடது கீழறை திடீரெனப் பலவீனமாகி, நுனி உப்பிவிடும் ஒரு நிலை உண்மையிலேயே உண்டு. 1990 வாக்கில் ஜப்பானிய மருத்துவர்கள் அதை விவரித்தார்கள். அந்த இதயத்தின் வடிவம், ஆக்டோபஸ் பிடிக்க அங்கே பயன்படுத்தும் குறுகிய கழுத்துள்ள பானையைப் போல் இருந்ததால், பானையின் பெயரான தகொட்சுபோ நோய்க்கும் ஒட்டிக்கொண்டது. மாதவிடாய் நின்ற பெண்களிடம் அதிகம் காணப்படுகிறது. பெரும்பாலோர் சில வாரங்களில் தேறிவிடுகிறார்கள்.

டாக்டரிடம் போனால் மட்டும் இரத்த அழுத்தம் ஏறுகிறது. இது நோயா?

இதற்கு வெள்ளை அங்கி இரத்த அழுத்தம் என்று பெயர், மிகச் சாதாரணம். கையில் பட்டை இறுகும்போதே எனக்கு இதயம் காதில் கேட்கும். வீட்டில் அளந்து பார்ப்பதுதான் வழி: ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்து, முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, கையை இதய உயரத்தில் வைத்து, பேசாமல். மருத்துவமனையில் 140/90 எல்லை என்றால் வீட்டில் 135/85. வீட்டு அளவு குறைவாக இருந்தாலும் ஆண்டுதோறும் பார்த்துக்கொள்ளுங்கள், இவர்களில் சிலருக்குப் பிறகு நிரந்தரமாக ஏறிவிடுகிறது.

மன உறுதி இருந்தால் புற்றுநோயை வெல்லலாம் என்கிறார்களே?

1989இல் டேவிட் ஸ்பீகல் என்ற அமெரிக்க மனநல மருத்துவர், பரவிய மார்பகப் புற்றுநோய் உள்ள 86 பெண்களிடம் செய்த ஆய்வை வெளியிட்டார். குழுவாக உட்கார்ந்து பேசும் சிகிச்சையில் சேர்ந்தவர்கள் ஏறத்தாழ இருமடங்கு காலம் வாழ்ந்ததாக அது சொன்னது. உலகமே பேசியது. 2001இல் கனடாவில் 235 பெண்களிடம் அதையே செய்து பார்த்தார்கள். குழுவில் சேர்ந்தவர்களின் ஆயுள் 17.9 மாதம், சேராதவர்களுக்கு 17.6. ஸ்பீகலே பிறகு மறுபடி செய்தபோதும் ஆயுள் நீளவில்லை. ஆனால் குழுவில் இருந்தவர்களுக்கு மன வேதனையும் வலியும் குறைந்தன. அனுபவம் மாறும், நோய் மாறாது என்று ஆஸ்துமா ஆய்வில் பார்த்த அதே கோடு இங்கேயும் ஓடுகிறது.

எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். "மன உறுதியால் வென்றார்" என்று ஒருவரைப் பாராட்டும்போது, இறந்துபோன இன்னொருவருக்கு உறுதி போதவில்லை என்று சொல்லாமல் சொல்கிறோம். நோயாளிக்கு அழவும் பயப்படவும் உரிமை உண்டு. அதனால் கட்டி வளர்வதில்லை.

வெற்று மாத்திரை என்று தெரிந்தே சாப்பிட்டால்?

விசித்திரம்தான், சிலருக்கு அப்போதும் பலன் இருக்கிறது. 2010இல் அமெரிக்க ஆய்வாளர் டெட் கேப்சக் குழுவினர், குடல் எரிச்சல் நோயுள்ள 80 பேரில் பாதிப்பேரிடம் புட்டியைக் கொடுத்து, "இதில் மருந்து இல்லை" என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். மூன்று வாரத்தில் 59 சதவீதம் பேர் போதுமான நிவாரணம் என்றார்கள். மாத்திரை இல்லாதவர்களில் 35 சதவீதம். வேளை தவறாமல் மாத்திரையை எடுத்து விழுங்கும் சடங்குக்கே ஏதோ வேலை இருக்கிறது.

டாக்டர் பேசும் விதத்தால் குணம் மாறுமா?

வலியில் மாறும். இத்தாலியின் டூரினில் ஃபாப்ரிசியோ பெனடெட்டியும் மற்றவர்களும் அறுவை சிகிச்சை முடிந்தவர்களுக்கு ஒரே வலிநிவாரணியை இரண்டு விதமாகக் கொடுத்தார்கள். ஒரு சாராருக்கு மருத்துவர் அருகில் வந்து "வலிக்கு மருந்து போடுகிறேன்" என்று சொல்லிப் போட்டார். மற்றவர்களுக்கு, அவர்கள் அறியாமல் இயந்திரம் செலுத்தியது. மறைவாகச் செலுத்தியபோது பலன் குறைந்தது. மருந்தின் பலத்தில் ஒரு பங்கு அந்த ஒரு வாக்கியத்தில் இருந்திருக்கிறது. நிமிர்ந்து பார்க்காமல் சீட்டு எழுதி நீட்டும் மருத்துவர், அந்தப் பங்கை மேசையிலேயே விட்டுவிடுகிறார்.

தூக்கம் வரவேண்டும் என்று நினைத்தால் வராததற்கும் இதுதான் காரணமா?

பெருமளவு ஆம். தூக்கம் வராதோ என்ற பயமே விழிக்க வைக்கிறது, மணியைப் பார்க்கப் பார்க்க அது கூடுகிறது. கடிகாரத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வையுங்கள்.

இவ்வளவும் படித்தபின் ஒரு அறிகுறி வந்தால், மனம்தான் என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. நெஞ்சில் அழுத்தம், திடீரென ஒரு பக்கக் கை கால் மரத்துப்போவது, வாய் கோணுவது, பேச்சுக் குழறல், மூச்சுத் திணறல், காரணமில்லாமல் எடை குறைவது, மலத்தில் இரத்தம் ஆகியவற்றில் எதற்கும் காத்திருக்க வேண்டாம். பதற்றத்தால் வரும் நெஞ்சுப் படபடப்பும் மாரடைப்பும் முதல் பத்து நிமிடத்தில் ஒன்றுபோலவே இருக்கக்கூடும். பதற்றம்தான் என்பதை ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டு மருத்துவர் சொல்லட்டும்.